தோற்ற அன்றிரவே பாட்னரை மாற்றச் சொல்லாதீர்கள்

டென்னிஸ் இரட்டையர் காலிறுதியில் பிள்ளைகள் தோற்றுப்போன அன்றிரவே ஒரு அப்பாவிடமிருந்து போன். "சேர், அடுத்த டோர்னமென்ட்டுக்கு இவனுக்கு வேற பாட்னரைப் போடுங்கோ. புரோவில எல்லாரும் மாத்திக்கொண்டுதானே இருக்கிறாங்கள்?" நான் பதில் சொல்லி முடிக்க முதலே அவர் அதை வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். மற்றப் பெடியன், பதினாலு வயதுப் பிள்ளை, தன்னைக் கழற்றிவிட்டார்கள் என்பதை அந்தக் குழுவில் வாசித்துத்தான் தெரிந்துகொண்டான். அடுத்த நாள் பயிற்சிக்கு வரவில்லை.

கொழும்பில் ஜூனியர் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இந்தப் போன் புதிது இல்லை. ஒவ்வொரு சீசனிலும் வருகிறது, இப்போது கூடிக்கொண்டும் போகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த "புரோவில எல்லாரும் மாத்துறாங்கள்" என்ற கதை. மாற்றுகிறார்கள், உண்மைதான். ஆனால் தோற்ற கோபத்தில் இல்லை. ஏடிபி, அதாவது ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பின் இரட்டையர் தரவரிசை ஜோடிக்கு உரியதில்லை, ஆளுக்கு உரியது. நீங்கள் எடுத்த புள்ளி உங்களோடே வரும். போட்டியில் இடம் கிடைப்பதோ இருவரின் தரவரிசை எண்ணையும் கூட்டித்தான், தொகை குறைந்த ஜோடிக்கு முன்னுரிமை. நீங்கள் 45, உங்கள் பாட்னர் 110 என்றால் கூட்டுத்தொகை 155. வழமையாக ஏடிபி 250 என்ற தரத்துப் போட்டி ஒன்றில் இரட்டையருக்கு 16 ஜோடிகளுக்குத்தான் இடம். 155 போதாமல் போனால் அந்தக் கிழமைக்கு மட்டும் 60இல் உள்ள ஒருவரைச் சேர்த்துக்கொண்டு 105 ஆக்குவார்கள், அடுத்த கிழமை பழைய ஆளோடே திரும்பி ஆடுவார்கள். இதில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. நம்முடைய பதினாலு வயதுப் போட்டியில் இந்தக் கணக்கு எங்கே வருகிறது?

அப்புறம் நாடு. 2024 ஜனவரியில் ரோஹன் போபண்ணாவும் மத்தியூ எப்டனும் அவுஸ்திரேலிய பகிரங்கப் பட்டத்தை வென்றார்கள், போபண்ணா 43 வயதில் உலகின் முதலிடத்துக்கு வந்தார். அதே வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் எப்டன் தன் நாட்டு ஜோன் பியர்ஸோடு ஆடித் தங்கம் எடுத்தார், போபண்ணா நம்ம கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜியோடு ஆடினார். ஒலிம்பிக்கில் ஒரே நாட்டுக்காரர்தான் சேர்ந்து ஆடலாம், வேறு காரணம் இல்லை.

அடுத்தது காயமும் ஓய்வும். பொப், மைக் பிரையன் இரட்டைச் சகோதரர்கள், சேர்ந்தே ஆடியவர்கள். 2018இல் பொப்புக்கு இடுப்பில் காயம். மைக் பிரையன் ஜக் சொக்கோடு ஆடினார். அந்த வருடமே விம்பிள்டன், அமெரிக்க பகிரங்கம், வருட இறுதி ஏடிபி ஃபைனல்ஸ் மூன்றையும் வென்றார்கள். இதைவிட நல்ல பாட்னர் எங்கே கிடைப்பார்? ஆனாலும் பொப் குணமானதும் 2019இல் மைக் தன் தம்பியிடமே திரும்பிப் போனார். மார்க் வூட்ஃபோர்ட் 2000இல் ஓய்வு பெற்ற பிறகுதான் டொட் வூட்பிரிட்ஜ் யோனாஸ் பியோர்க்மனோடு சேர்ந்து 2002, 2003, 2004 என்று மூன்று விம்பிள்டன் எடுத்தார். அதற்கு முதல் வூட்ஃபோர்டோடு மட்டும் 11 கிராண்ட் ஸ்லாம்.

"அப்ப லியண்டர் பயஸ்?" என்று கட்டாயம் கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். ஆமாம், அவருடன் ஆடியவர்கள் நூறுக்கும் மேல். ஆனால் அவருடைய எட்டு ஆண்கள் இரட்டையர் கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை எண்ணிப் பாருங்கள்: பூபதியோடு மூன்று, மார்ட்டின் டாமோடு ஒன்று, லூக்காஷ் ட்லூஹியோடு இரண்டு, ராடெக் ஸ்டெபானெக்கோடு இரண்டு. நூறு பேரில் கிராண்ட் ஸ்லாம் பட்டம் வந்தது நான்கு பேரோடு.

நல்லாப் போகும்போதே பிரிகிறவர்களும் உண்டு. கூல்ஹோஃபும் ஸ்கப்ஸ்கியும் 2023 விம்பிள்டனை வென்று, அந்த வருடக் கடைசியில் பிரிந்தார்கள். வருடக் கடைசியில் என்பதைக் கவனியுங்கள். ஏடிபி ஃபைனல்ஸுக்கு எட்டு ஜோடிகள்தான் போகலாம், அதற்கான புள்ளி ஜோடிக்கு ஜோடி எண்ணப்படும், நடுவில் ஆள் மாறினால் அந்தக் கணக்கு பூச்சியத்தில் தொடங்கும். அதனால் பிரிவதென்றால் பெரும்பாலும் சீசன் முடிந்த பிறகு பிரிகிறார்கள்.

இன்னொன்று. ஏடிபி இரட்டையரில் டியூஸ் (40-40) வந்தால், இரண்டு புள்ளி தொடர்ந்து எடுக்க வேண்டிய அட்வான்டேஜ் முறை கிடையாது, ஒரே புள்ளியில் கேம் முடியும். மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டைபிரேக். இரண்டு பந்தில் போட்டி கைமாறும். இந்த விதிகள் இல்லாத விம்பிள்டனிலும் அப்படித்தான்: 2024 இறுதியில் ஹெலியோவாராவும் பட்டனும் எதிராளிகளின் மூன்று சம்பியன்ஷிப் பொயின்ட்டைத் தடுத்துத்தான் வென்றார்கள். அந்த மூன்றில் ஒன்று போயிருந்தால் அவர்களும் தோற்ற ஜோடிதான். ஒரு முடிவை வைத்து ஜோடியை எடைபோடாதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

சரி, அந்தக் காலிறுதியில் உண்மையில் நடந்தது என்ன? அப்பா வேலியோரம் நின்று தமிழில், "அவனை நம்பாத, நீயே அடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாட்னர் சிங்களப் பிள்ளை, தமிழ் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அப்பாவின் விரல் தன் பக்கம் நீளுவது தெரியும்தானே. மகன் நடுக்கோட்டைத் தாண்டி பாட்னருடைய பந்தையும் அடிக்கத் தொடங்கினான், பாட்னர் பந்தே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டான். இரண்டாவது செட்டில் நடுவால் போன பந்துகளுக்கு இரண்டு பேரும் ரக்கெட்டைக் கூட நீட்டவில்லை. "மைன்", "யூர்ஸ்" என்று ஒரு சத்தம் இல்லை. பாட்னரை மாற்றினால் இது தீருமா? அடுத்த பாட்னரோடும் இதேதான் நடக்கும், ஏனென்றால் வேலியோரத்தில் நிற்கிறவர் மாறவில்லை.

தயவுசெய்து இனி இப்படிச் செய்யுங்கள். தோற்ற அன்றைக்கு இதைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம், எனக்கும் போன் எடுக்க வேண்டாம். இரண்டு நாள் போகட்டும். ஆளை மாற்ற முதல் பக்கத்தை மாற்றிப் பாருங்கள்: வலப்பக்கம் ரிட்டர்ன் எடுப்பவர் இடப்பக்கம் வரட்டும், செட் தொடங்கும்போது அதற்கு விதியிலேயே இடமுண்டு. சேர்விஸ் ஒழுங்கையும் அப்படியே மாற்றலாம். இந்த இரண்டாலேயே எழும்பின ஜோடிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குறைந்தது ஒரு சீசன் கொடுங்கள்.

போட்டி நடக்கும்போது வேலியோரம் நிற்காதீர்கள். பின்னால் போய் உட்காருங்கள். இது கேட்டுக்கொள்வது இல்லை, இனி என் பிள்ளைகளின் ஆட்டத்தில் இதுதான் சட்டம்.

அவ்வளவும் செய்த பிறகும் ஒத்துவரவில்லையா, மாற்றலாம், தப்பே இல்லை. முதலில் உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். பல தடவை பிள்ளைக்கு மாற்ற விருப்பமே இருக்காது. அவனுக்கும் விருப்பம் என்றால், அவனே நேரில் போய்ப் பாட்னரிடம் சொல்லட்டும், பக்கத்தில் நான் நிற்கிறேன். வாட்ஸ்அப்பில் வேண்டாம். பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்கு இரண்டு கிழமையாவது முதலில் சொல்லுங்கள், மற்றப் பிள்ளையும் தனக்கு ஒரு ஆளைத் தேட வேண்டும்.