கோளாறு கண்ணில் இல்லை: டிஸ்லெக்சியா உள்ள மாணவர் வாசிக்கும்போது நடப்பது என்ன?

1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பெயர் பெர்சி. 749ஐ 867ஆல் வேகமாகப் பெருக்கிச் சரியான விடை சொன்னவன். ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி 'ப்ரெசி' என்று எழுதினான். ஒரு தடவைக்கு மேல் சுட்டிக்காட்டிய பிறகுதான் பிழை அவனுக்குப் புலப்பட்டது. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். அறிவுக்குக் குறைவில்லாதவர்களுக்கும் வாசிப்பதும் எழுத்துக்கூட்டுவதும் கடினமாக இருக்கும் இந்த நிலையைத்தான் இன்று டிஸ்லெக்சியா என்கிறோம். அந்தக் காலத்தில் இதைச் 'சொற்குருடு' என்றார்கள். கண்ணில்தான் கோளாறு என்ற எண்ணம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்னும் முழுசாக விலகவில்லை.

பெரும்பாலான டிஸ்லெக்சியா மாணவர்களுக்குச் சிக்கல் ஒலியில் இருக்கிறது. பேசும்போது சொல் ஒரே ஓட்டமாக வந்துவிடுகிறது. வாசிக்க வேண்டுமென்றால் அந்த ஓட்டத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு வடிவத்தோடு கட்டிப்போட வேண்டும். 'பட்டம்' என்பதில் முதல் எழுத்தை எடுத்துவிட்டு 'ச' போட்டால் என்ன வரும்? பல குழந்தைகள் 'சட்டம்' என்று சட்டெனச் சொல்வார்கள். டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு அங்கேயே தடுமாற்றம் தொடங்கிவிடும். காது நன்றாகக் கேட்கும், சொல்லின் பொருளும் தெரியும். ஒலிகளைப் பிரித்து மனதில் பிடித்து வைப்பதுதான் கடினம்.

பேசுவதற்கு நம் மூளை பிறவியிலேயே தயாராக இருக்கிறது. எழுத்து அப்படியல்ல, அதற்கு வயது சுமார் 5,000 ஆண்டுகள்தான். அதனால் வாசிக்கப் பழகும் ஒவ்வொரு மூளையும், உருவங்களை அடையாளம் காணும் பகுதி ஒன்றை எழுத்துக்காகப் பழக்கி எடுக்கிறது. இடப்பக்க மூளையின் அடிப்புறத்தில் இருக்கும் அந்தப் பகுதி, ஒலியைக் கையாளும் பகுதிகளோடு கைகோத்த பிறகுதான் ஒரு சொல்லைப் பார்த்தவுடனே வாசிக்க முடிகிறது. டிஸ்லெக்சியாவில் இந்தப் பிணைப்பு மெதுவாகவும் பலவீனமாகவும் உருவாகிறது. பரம்பரைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, மரபணுத்தொகுதியில் இதோடு தொடர்புள்ள 42 இடங்களைக் கண்டது. சோம்பேறித்தனம் என்று திட்டுவது எவ்வளவு அநியாயம் என்பது இதிலேயே தெரிகிறது.

எந்த மொழியை வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சிரமத்தின் முகம் மாறும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டுக்குப் பல ஒலிகள், அதனால் தவறாக வாசிப்பது அதிகம். எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்தும் இத்தாலியனில் பிழை குறைகிறது, ஆனால் வேகம் வருவதில்லை. தமிழிலும் பொருத்தம் பரவாயில்லை. ஆனாலும் 'கொ' எழுத்தைப் பாருங்கள்: கொம்பு முன்னால், கால் பின்னால், முதலில் ஒலிக்கும் ககரம் நடுவில். கண் போகும் வரிசை ஒன்று, ஒலி வரும் வரிசை வேறொன்று. பழகிய நமக்கு அது உறைப்பதே இல்லை. அப்புறம் 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ககரம் ஒலிக்கும் விதமே வேறு. ல, ள, ழ குழப்பம் வேறு தனியாக நிற்கிறது.

இனி வகுப்பறைக்கு வருவோம். வரியின் முடிவை எட்டுவதற்குள் அதன் தொடக்கம் நினைவிலிருந்து நழுவிவிடும், ஏனென்றால் கவனம் முழுவதும் எழுத்துக்கூட்டுவதிலேயே செலவாகிறது. அதே பத்தியை யாராவது வாசித்துக் காட்டினால் நன்றாகப் புரிந்துகொண்டு கேள்வியும் கேட்பார் அந்த மாணவர். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மற்றவர்கள் சொல் சொல்லாக எடுக்கிறார்கள், இவர் எழுத்து எழுத்தாக. பாதி எழுதுவதற்குள் பலகை அழிக்கப்பட்டிருக்கும். தேர்வில் கூடுதல் நேரம் கொடுப்பதைச் சலுகை என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. வரலாற்றுத் தேர்வு வரலாற்றைத்தான் அளக்க வேண்டும், வாசிப்பு வேகத்தை அல்ல.

பயிற்சி பலன் தருகிறது. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, ஒரு படியும் தாண்டாமல் சேர்த்துக் கற்பித்தால் முன்னேற்றம் தெரியும். அப்படிப்பட்ட பயிற்சிக்குப் பின் இடப்பக்க மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்குவதை ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன. சீக்கிரம் தொடங்குவது நல்லது. வண்ணக் கண்ணாடி அணிந்தால் வாசிப்பு மேம்படும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. எழுத்துகளுக்கு இடையே சற்று இடைவெளி கூட்டுவது, இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் உதவியது. பாடத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணால் தொடர்வதற்குக் கைபேசியே போதும். அறிவு பின்தங்காமல் இருக்க அது பெரிய துணை.

ஆசிரியர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன். வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்வதாக இருந்தால், எந்தப் பத்தி என்பதை அந்த மாணவரிடம் முந்தின நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள்.