மாலையில் உண்ணும் பைட்ஸும் சாப்பாடுதான்

திருகோணமலையில் துறைமுகத்திலும் மீன்பிடிப் படகுகளிலும் கட்டட வேலைகளிலும் உழைக்கும் ஆண்கள் கொலஸ்ட்ரோல் அறிக்கையோடு என்னிடம் வரும்போது, காலையில் பாண், மத்தியானம் சோறு, இரவில் இடியப்பம் என்று வீட்டுச் சாப்பாட்டை மட்டுமே சொல்வார்கள். "முட்டையும் விட்டாச்சு, தேங்காய்ப்பாலும் விட்டாச்சு டொக்டர், பிறகும் ஏன் கூடுது?" என்ற கேள்வி அடுத்து வரும். வேலை முடிந்து நண்பர்களோடு சாராயம் அருந்தும்போது பைட்ஸாக உண்ட பொரித்த கணவாயையும் டெவல் கோழியையும் மாட்டிறைச்சிப் பிரட்டலையும் மிக்சரையும் நாமாகத் துருவிக் கேட்டால்தான் சொல்வார்கள். இதற்கிடையில், வீட்டில் சமைக்கும் மனைவியின் மேல் பழி விழுவதைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

சாராயத்தில் கொலஸ்ட்ரோல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு கிராம் மதுசாரம் 7 கிலோ கலோரி தருகிறது. 180 மில்லிலீற்றர் கொண்ட கால் போத்தல் சாராயத்தில் ஏறத்தாழ 330 கிலோ கலோரி இருக்கிறது. மதுசாரத்தை உடலால் சேமித்துவைக்க முடியாது என்பதால், ஈரல் அதை முதலில் எரிக்கிறது. அந்த நேரத்தில் எரிந்திருக்கவேண்டிய கொழுப்பு ட்ரைகிளிசரைட்டு என்ற கொழுப்பு வகையாக மாறி, ஒரு பகுதி ஈரலிலேயே படிய, மறு பகுதி இரத்தத்தில் கலக்கிறது. பொரித்த உணவின் கொழுப்பும் அதே வேளையில்தான் வந்து சேர்கிறது. ட்ரைகிளிசரைட்டு ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 150 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்கவேண்டும். 500ஐத் தாண்டினால், இதய நோய் ஒருபுறமிருக்க, கணைய அழற்சி என்ற உயிராபத்தான நிலையும் ஏற்படலாம்.

கணவாயிலும் இறாலிலும் கொலஸ்ட்ரோல் அதிகம் என்றாலும் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு; ஆகவே அவற்றை அளவோடு கறியாக்கி உண்பவர் பெரிதாக அஞ்சவேண்டியதில்லை. மாவில் புரட்டித் தேங்காயெண்ணெயில் பொரிக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. அந்த எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு; கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்.டி.எல்.ஐ உயர்த்துவது அதுவே. தேங்காய்ப்பாலைக் குறைத்தவர் நல்லதையே செய்திருக்கிறார், ஆனால் குறைத்த கொழுப்பு மாலைத் தட்டில் திரும்பி வந்துவிடுகிறது. பைட்ஸில் உப்பும் மிகுதி. அதனால் தாகம் கூடி இன்னொரு கிளாஸ் இறங்குகிறது. இரத்த அழுத்தமும் ஏறுகிறது. வயிறு நிறைந்து வீடு திரும்பியவருக்காக எடுத்துவைத்த கீரையும் பருப்பும் தொடப்படாமலே கிடக்கும்.

பொரியலுக்குப் பதிலாக அவித்த கடலையும் வெள்ளரிக்காயும் உண்பது கொழுப்பையும் உப்பையும் குறைக்க உதவும். ஆனால் அதனால் குடி பாதுகாப்பானதாகிவிடாது. பாதுகாப்பான மதுவின் அளவு என்று எதுவும் இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இரத்தப் பரிசோதனைக்கு முந்தைய நாள் குடித்திருந்தால் ட்ரைகிளிசரைட்டு உயர்ந்து காட்டக்கூடும். எனவே குடித்ததை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். நீண்டகாலமாகத் தினமும் அதிகம் குடித்துவந்தவர்கள், அறிக்கையைக் கண்ட பயத்தில் தாமாகவே ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம்; கை நடுக்கமும் குழப்பமும் வலிப்பும் வரக்கூடும் என்பதால், வைத்தியசாலையில் ஆலோசனை பெற்று, மேற்பார்வையின் கீழ் நிறுத்தவேண்டும்.