கல்விக் கடனுக்கு வட்டி முதல் நாளே தொடங்கிவிடுகிறது

போன வாரம் ஒரு விசைத்தறிக்காரர் எங்கள் வங்கிக் கிளைக்கு வந்தார். பழைய தறி ஒன்று விலைக்கு வருகிறது, 2 லட்சம் கடன் வேண்டும் என்றார். அவருடைய கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையைப் பார்த்தால், மகனின் கல்விக் கடன் வாராக்கடனாக நிற்கிறது. "நான் சும்மா ஜாமீன் கையெழுத்துத்தானே போட்டேன் சார்?" பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். இணைக் கடன்தாரர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து. அதாவது, மகன் கட்டாவிட்டால் அது அவருடைய கடன்தான்.

"6 லட்சம் வாங்கினோம், 8 லட்சம் காட்டுதே, வட்டியை ஏத்திட்டீங்களா?" என்று அடுத்துக் கேட்டார். இந்த மாதத்தில் இதைக் கேட்ட நான்காவது தகப்பனார் அவர்.

படித்து முடிக்கும் வரை வட்டி கிடையாது என்று ஊரே நம்புகிறது. தவறு! படிக்கும் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான். வட்டி, பணம் கல்லூரிக்குப் போன அன்றே ஓடத் தொடங்கிவிடும். வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வீதம் நான்கு வருஷம், 10 சதவீத வட்டி என்று வையுங்கள். தவணை தொடங்கும்போது வட்டி மட்டும் 2,10,000 சேர்ந்திருக்கும். அது அசலோடு சேர்ந்து 8,10,000 ஆகும். பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 10,700. பையனுக்குக் கோவையில் சம்பளம் 16,000. அறை வாடகையும் சாப்பாடும் போக அவன் எதைக் கட்டுவான்?

முதல் வருஷம் மாதம் 1,250 ரூபாய் வட்டியைக் கட்டிப் பாருங்கள். இரண்டாம் வருஷம் 2,500, இப்படிக் கூடிக்கொண்டே போகும். படிப்பு முடிந்து வேலை தேடும் வருஷத்திலும் விடாதீர்கள். கடன் 6 லட்சத்திலேயே நிற்கும், தவணையும் 8,000-க்குள் வந்துவிடும். முழுதும் முடியாவிட்டால் முடிந்ததைக் கட்டுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் என்றால், தகுதியான தொழிற்படிப்புகளுக்கு மத்திய அரசின் வட்டி மானியம் உண்டு. வருமானச் சான்றிதழை நேரத்தோடு கொடுத்துவிடுங்கள். அதைக் கொடுக்காமல் மானியத்தை இழந்தவர்களை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

படிக்க வைக்காதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. ஒரு பட்டம் குடும்பத்தையே தூக்கி நிறுத்தியதை இதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் எந்தக் கல்லூரி, என்ன விலை என்று பாருங்கள். விளம்பரப் பலகையில் இருக்கும் பெரிய சம்பளம் ஒரே ஒரு மாணவனுடையது. போன வருஷம் அதே பிரிவில் முடித்த நாலு பேரைத் தேடிப் பிடித்து, கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். கலந்தாய்வில் இடம் கிடைக்கும்போது அவசரப்பட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு ஓடாதீர்கள். முதல் பட்டதாரிச் சலுகை அங்கே கிடையாது. ரசீது இல்லாமல் கொடுக்கும் நன்கொடைக்கு வங்கியும் கடன் தராது. அதற்காகத்தான் அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால்தான் வாராக்கடன். அதற்குள் தயவுசெய்து நேரில் வாருங்கள், போன் நம்பரை மாற்றாதீர்கள். காலத்தை 15 வருஷம் வரை நீட்டித்தால் தவணை குறையும், மொத்த வட்டி கூடும். அப்புறம் சம்பளம் ஏற ஏறக் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம்.

விசைத்தறிக்காரரிடம் மகனைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை வருகிறார்கள்.