பீமைத் துளைத்துவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்

போன வாரமும் அதே கதை. மதுரைப் பக்கம் ஒரு மாடி வீடு. கழிப்பறையை ஒன்றரை அடி நகர்த்தச் சொன்னார் வீட்டுக்காரர். மாற்றி வரைந்து ஆர்3, அதாவது டிராயிங்கின் மூன்றாவது ரிவிஷன் (திருத்தம்), அனுப்பினோம். பிளம்பர் ஆர்3-ஐப் பார்த்து வேலை செய்தார். கட்டடத்தின் பலத்தைக் கணக்குப் போடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கணக்கோ ஆர்1-லேயே நின்றுவிட்டது. குழாய் இறங்கும் இடத்தில், தளத்தைத் தாங்கும் 9 இஞ்ச் கான்கிரீட் பீம். கோர் கட்டிங் மிஷினை வைத்துத் துளைத்துவிட்டார்கள். வெளியே வந்த கான்கிரீட் உருளையைக் கையில் எடுத்தேன். அதில், பீமுக்குப் பலம் கொடுக்கும் 16 எம்.எம். கம்பி வெட்டுப்பட்ட இடம் புதுக் காசு மாதிரி பளபளத்தது.

கேட்டால், "குரூப்ல போட்டாச்சே சார்!"

குரூப்பில் போடுவது ஒருங்கிணைப்பு ஆகாது. எத்தனை முறைதான் சொல்வது? இரண்டு நீல டிக் விழுந்தால் டிராயிங்கைப் பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை, திறந்தார்கள், அவ்வளவுதான். கம்பி கட்டுகிறவர் குரூப்பிலேயே இருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்தது, சிமென்ட் மூட்டை அடுக்கிய அறையில் டேப் போட்டு ஒட்டியிருக்கும் பழைய பிரிண்ட் மட்டும்தான். எங்கள் அலுவலகத் தவறும் இதில் உண்டு: எது மாறியது என்று ஆர்3-இல் வட்டம் போட்டுக் காட்டவில்லை.

1981 ஜூலை 17, அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி. ஹயாட் ரீஜென்சி ஹோட்டலில் தொங்கு நடைபாதைகள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். மேலிருந்து இரண்டு நடைபாதைகளையும் தாங்க வேண்டிய நீளக் கம்பியை, வேலைக்கு வசதியாக இரண்டாகப் பிரித்திருந்தார்கள். கீழ் நடைபாதை மேல் நடைபாதையிலேயே தொங்கியதால், மேல் நடைபாதையின் இணைப்பில் சுமை இரட்டிப்பானது. அந்த மாற்றத்துக்கு யாரும் மறுகணக்குப் போடவில்லை. டிராயிங் மட்டும் ஒப்புதலாகிப் போயிற்று.

புது ரிவிஷன் வந்த அன்றே பழைய பிரிண்டைச் சுவரிலிருந்து கிழியுங்கள். யாருக்கு எந்த ரிவிஷன் போனது என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கான்கிரீட்டுக்கு முந்தின நாள் ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றப் போடும் தற்காலிகப் பலகைத் தளம்) மேல் ஏறி நின்று ஸ்லீவ்களை (குழாய் போக முன்கூட்டியே வைக்கும் உறைகளை) எண்ணுங்கள். போனில் வந்த படத்தை விரலால் பெரிதாக்கி அளவெடுக்கவே எடுக்காதீர்கள்.

வீட்டுக்காரர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். மாற்றம் வேண்டுமென்றால் மேஸ்திரியிடம் சொல்லாமல் எங்களிடம் சொல்லுங்கள். துளை போட்டே ஆக வேண்டுமென்றால், மிஷினை வேனிலிருந்து இறக்கும் முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு ஒரு போன் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் பரவாயில்லை.