தூக்குவது சுலபம், திருப்பித் தருவதுதான் பாடு

ஒன்றரை டன் எடையுள்ள காரை 20 மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு மின்சாரம் பிடிக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் 300 கிலோஜூல்கூட வராது. 1,000 வாட் ஹீட்டர் ஐந்து நிமிடம் ஓடினால் ஆகிற செலவுதான். உராய்வு, மோட்டார் இழப்பு என்று கொஞ்சம் கூட்டிக்கொண்டாலும் பயப்படும்படி இல்லை. எதிர் எடை கட்டிவிட்டால் இன்னும் குறையும். தானியங்கி பார்க்கிங் கட்டடங்களை வடிவமைக்க வருகிற இளம் பொறியாளர் மோட்டார், கியர், வயர் ரோப், இரும்புச் சட்டம் என்றுதான் தொடங்குவார். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அவரிடம், இதில் எது கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். தூக்குவதைப் பற்றி அவர் வாயே திறக்க மாட்டார். மாலை ஆறு மணியைப் பற்றிப் பேசுவார்.

அந்த ஆறு மணிக்கு வருவதற்கு முன், இந்த இயந்திரம் எதற்கு என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு கார் நிற்க இரண்டரைக்கு ஐந்து மீட்டர் இடம் போதும். பன்னிரண்டரை சதுர மீட்டர். ஆனால் சாதாரண அடுக்குமாடி பார்க்கிங்கில் கார் ஒன்றுக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் வரை போய்விடுகிறது. மீதியெல்லாம் ஓட்டிப்போகிற பாதை, சாய்தளம், திரும்புகிற வளைவு, படிக்கட்டு. கதவைத் திறந்து ஆள் இறங்க இடைவெளி வேண்டும், தலை இடிக்காத உயரம் வேண்டும். ஓட்டுநர் வாசலிலேயே இறங்கிக்கொண்டு, காரை இயந்திரம் உள்ளே கொண்டுபோய் வைத்தால் இதில் எதுவுமே தேவைப்படாது. கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி, கூரை இடிக்காத உயரத்துக்கு மட்டும் தளம் விட்டு அடுக்கலாம். உள்ளே எஞ்சின் ஓடாததால் புகையை வெளியேற்றப் பெரிய மின்விசிறிகளும் வேண்டியதில்லை.

இது புது யோசனையும் அல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரிஸில் ஓகுஸ்த் பெரே வடிவமைத்த ரூ டி போந்தியூ கராஜில் கார்களை மேல்தளத்துக்கு ஏற்றும் லிஃப்ட் இருந்தது. 1928-ல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட கென்ட் கராஜ் இருபது மாடிக்கும் மேல் உயரம். அங்கே ஒரு சின்ன மின்வண்டி காரின் அடியில் புகுந்து, அச்சைப் பிடித்து லிஃப்டுக்குள் இழுத்துப்போகும். இன்றைய இயந்திரங்கள் பலவற்றின் பாட்டன் என்று அதைச் சொல்லலாம்.

இன்று புழக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் மூன்று விதம். முதலாவது கோபுரம்: நடுவில் லிஃப்ட், சுற்றிலும் அறைகள். ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க்கில் உள்ள, ஃபோக்ஸ்வேகன் கார் நிறுவனத்தின் பார்வையாளர் வளாகமான ஆட்டோஸ்டாட்டின் இரண்டு கண்ணாடிக் கோபுரங்களும் இந்த வகைதான். ஒவ்வொன்றும் 48 மீட்டர் உயரம், 400 கார் கொள்ளும். அடுத்தது பஸில் வகை. கார்கள் தட்டுகளின் மேல் நிற்கும்; கீழ்த்தளத்துத் தட்டுகள் பக்கவாட்டில் நகரும், மேல்தளத்துத் தட்டுகள் ஏறி இறங்கும், நடுவில் இருப்பவை இரண்டும் செய்யும். நகர இடம் வேண்டுமே, அதனால் மேல்தளம் தவிர மற்ற ஒவ்வொரு தளத்திலும் ஒரு கட்டம் காலியாக இருந்தாக வேண்டும். ஐந்து வரிசை, மூன்று தளம் என்றால் பதினைந்து கார் அல்ல, பதின்மூன்றுதான். மூன்றாவது, பெரிய கட்டடங்களுக்கானது: தளத்துக்குத் தளம் தண்டவாளத்தில் ஓடும் வண்டிகள், அவற்றுக்குச் சரக்குக் கொடுக்கும் லிஃப்ட்கள்.

காரை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் இயந்திரப் பொறியாளர்களின் உண்மையான சாமர்த்தியம் தெரியும். பழைய வழி, இரும்புத் தட்டு. கார் ஒரு பேலட்டின் மேல் ஏறி நிற்கும், பேலட்டோடு போகும், பேலட்டோடு வரும். எளிமையானது, எண்ணெய் ஒழுகினாலும் கீழே நிற்கும் கார்மேல் சொட்டாது. ஆனால் ஒரு கார் உள்ளே போனதும் அடுத்தவருக்குக் காலித் தட்டு ஒன்றைத் தேடிக் கொண்டுவர வேண்டும். கார் வெளியேறினால் காலித் தட்டைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பாதி உழைப்பு வெறும் தட்டைச் சுமப்பதிலேயே போய்விடும். சீப்பு முறையில் அந்தத் தொல்லை இல்லை. அறையில் விரல் விரலாக இரும்புக் கம்பிகள். தூக்கும் வண்டியிலும் அப்படியே. ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று புகுந்து கீழிறங்கும்போது கார் கைமாறிவிடும். இன்னொன்று டயர் பிடிக்கும் வண்டி. தட்டையான ஒரு இயந்திரம் காரின் அடியில் நுழைந்து, முன் பின் சக்கரங்கள் எங்கே இருக்கின்றன என்று சென்சாரால் கண்டுபிடித்து, ஒவ்வொரு டயரையும் இரண்டு பக்கமும் கைகளால் நெருக்கும். நெருக்க நெருக்க டயர் தானாகத் தரையை விட்டு எழும்பும். நான்கு சக்கரமும் காற்றில் இருப்பதால் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலும் கவலையில்லை.

இதில் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. வயர் ரோப் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பாரம் ஏறினால் கொஞ்சம் நீளும், இறங்கினால் சுருங்கும். லிஃப்ட் மேடை அறைக்கு நேராக வந்து நிற்கிறது, கார் பக்கவாட்டில் நகரத் தொடங்குகிறது. பாரம் குறையக் குறைய மேடை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக மேலே எழும். தண்டவாளத்தில் ஒரு படி உண்டாகும், வண்டியின் சக்கரம் அதில் முட்டும். ஆகவே மேடை நின்றதும் தடித்த இரும்பு முளைகள் நீண்டு அதைத் தூணோடு பூட்டிவிடும். பாரத்தை ரோப் அல்ல, முளைதான் தாங்கும். முளை முழுதாக நீண்டதா என்று உறுதியாகும்வரை அடுத்த அசைவுக்கு அனுமதி கிடையாது.

அனுமதி என்று வந்துவிட்டால் ஆட்சி கண்ட்ரோல் பேனலுக்குப் போகிறது. பொறியாளரின் தொழில் வாழ்க்கையில் இது இரண்டாம் கட்டம். ஓட்டுநர் இறங்கும் அறையில் லேசர் ஸ்கேனர்கள் காரின் நீளம், அகலம், உயரம் அளக்கின்றன. கதவு சரியாகச் சாத்தவில்லையா, டிக்கி லேசாகத் திறந்திருக்கிறதா, கண்ணாடி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கின்றன. எடையும் பார்க்கப்படும், மின்கார்கள் பேட்டரியோடு இரண்டு டன்னைச் சாதாரணமாகத் தாண்டுவதால் பழைய கட்டடங்களில் இது ஒரு தலைவலி. எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, உள்ளே ஆள் இருக்கிறாரா? அசைவைக் கண்டுபிடிப்பது எளிது. பின்சீட்டில் தூங்கும் குழந்தையைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. அதனால்தான் எத்தனை சென்சார் இருந்தாலும், ஓட்டுநர் வெளியே வந்து, உள்ளே யாரும் இல்லை என்று தானே உறுதி செய்தால்தான் கதவு மூடும்படி வைக்கிறார்கள். இந்த இயந்திரங்களின் பாதுகாப்புக்கென்றே ஐரோப்பாவில் ஈ.என். 14010 என்று தனித் தரநிலை இருக்கிறது.

சென்சார் பொய் சொன்னால்? காலி என்று அது சொல்லும் அறையில் கார் இருக்கலாம். மேடை இருக்கிறது என்று அது சொல்லும் இடத்தில் வெறும் பள்ளம் இருக்கலாம். எனவே ஒரே உண்மையை இரண்டு வேறு வழிகளில் கேட்பது வழக்கம். ஒளிக்கற்றை ஒன்று சொல்ல வேண்டும், எந்திர ஸ்விட்ச் ஒன்றும் அதையே சொல்ல வேண்டும். ஒத்துப்போகவில்லையா, எல்லாம் அப்படியே நிற்கும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ஹோபோக்கன் நகரில் 2002-ல் திறந்த, 300-க்கும் மேற்பட்ட கார்கள் கொள்ளும் தானியங்கி கராஜில் 2004-லும் 2005-லும் கார்கள் உயரத்திலிருந்து விழுந்தன. 2006-ல் நகர நிர்வாகத்துக்கும் மென்பொருள் கொடுத்த நிறுவனத்துக்கும் தகராறு முற்றி, கார்கள் சில நாட்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. இயந்திரம் பழுதாகாமலேயே காரை வெளியே எடுக்க முடியாமல் போகலாம் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

இனி மாலை ஆறு மணி. ஓர் அலுவலகக் கட்டடம், 200 கார், இரண்டு லிஃப்ட். ஒரு காரை எடுத்துக் கொடுக்க இரண்டு நிமிடம் என்றால் மணிக்கு மொத்தம் 60 கார். ஆறிலிருந்து ஏழுக்குள் 120 பேர் வந்து கார் கேட்டால், ஏழு மணிக்கு வந்தவருக்கு முன்னால் இன்னும் 60 பேர் நிற்பார்கள். அவர் கையில் கார் கிடைக்க எட்டு மணி ஆகும். இவ்வளவு கூட்டம் இல்லாவிட்டாலும் வரிசை ஏமாற்றக்கூடியது. ஆட்கள் முன்பின்னாகத்தானே வருவார்கள். எளிய வரிசைக் கணக்கின்படி, இரண்டு நிமிட வேலை செய்யும் ஒற்றை லிஃப்ட் தன் நேரத்தில் பாதி உழைத்தால் சராசரியாக நான்கு நிமிடத்தில் கார் கிடைக்கும். எண்பது சதவீதம் உழைத்தால் பத்து நிமிடம். தொண்ணூறு என்றால் இருபது. லிஃப்ட் சும்மா நிற்கக்கூடாது என்று நினைக்கும் கட்டட உரிமையாளருக்கு இதைப் புரியவைப்பதற்குள் பொறியாளருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

கடை வளாகங்களில் நிலைமை பரவாயில்லை. ஒருவர் வர ஒருவர் போவதால் லிஃப்ட் ஒரு காரை உள்ளே வைத்துவிட்டு, திரும்பும்போது இன்னொன்றை எடுத்து வரும். விளையாட்டு அரங்கம், திரையரங்கம் போன்ற இடங்களுக்கு இது தோதே இல்லை என்பது என் கருத்து. எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புகிற இடத்தில் எந்தச் சாமர்த்தியமும் எடுபடாது. குடியிருப்புகளில் மென்பொருள் உதவும். ஒரு கார் தினமும் காலை ஏழுக்குக் கிளம்புகிறது என்று தெரிந்தால், ராத்திரி இயந்திரம் சும்மா இருக்கும்போது அதை லிஃப்டுக்குப் பக்கத்தில் மாற்றி வைத்துவிடலாம். இரண்டு கார் ஆழத்துக்கு அடுக்கியிருக்கும் இடங்களில், மறைத்துக்கொண்டு நிற்கும் முன் காரை இப்படி முன்கூட்டியே நகர்த்துவது நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

லிஃப்டே வேண்டாம் என்று கிளம்பிய வழிகளும் உண்டு. ஜெர்மனியின் டுஸல்டார்ஃப் விமான நிலையத்தில் 2014-ல் ரே என்ற ரோபோ கார்களைத் தூக்கிக்கொண்டுபோய் நெருக்கமாக நிறுத்தத் தொடங்கியது. 2022-ல் ஸ்டுட்கார்ட் விமான நிலையத்து பார்க்கிங்கில், பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ்-பென்ஸும் உருவாக்கிய ஏற்பாட்டில், ஓட்டுநர் இல்லாமல் கார் தானே போய் நிற்பதற்கு அரசு அனுமதி கிடைத்தது. இதில் சாய்தளத்தையும் பாதையையும் மிச்சம் பிடிக்க முடியாது. இடம் பெரிதாகக் குறையாது. ஆனால் ஒவ்வொரு காரும் தன்னைத் தானே கொண்டுவரும் என்பதால் பத்துக் கார்கள் ஒரே நேரத்தில் கிளம்பலாம். அப்போது வரிசை இடம் மாறுகிறது. கார் வந்து நிற்கும் வாசலில், பெட்டியை டிக்கியில் ஏற்றி, குழந்தையை சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டிக் கிளம்ப ஒருவர் எடுத்துக்கொள்ளும் நேரம்தான் இனி வடிவமைப்பாளர் கணக்கில் எடுக்க வேண்டிய நேரம். அதை வேகப்படுத்த எந்த மோட்டாரும் கிடையாது என்பதால், அவர் செய்யக்கூடியது வாசலில் இன்னும் நாலு இடம் கூடுதலாகக் கேட்பதுதான்.