நல்ல வெளிச்சம் வரும் நேரத்தில்தான் ஆறும் வரும்

ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, அடையாள அட்டைப் படம், சோறு போடுவது இவைதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ட்ரைபொட்டைத் தூக்கிக்கொண்டு ஓயாப் பக்கம், அதாவது மலையாற்றுப் பக்கம், இறங்கிவிடுவேன்.

போன மாதம் அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன், அரிசோனாவில் அன்டலோப் கெனியனில் எடுத்த படங்களை அனுப்பி, "மாமா, இதக் கறுப்பு வெள்ளையாக்கிப் பெருசா ஒரு பிரிண்ட் போட்டுத் தாங்க" என்றான். எனக்குக் கெனியன் என்றால் மஸ்கெலியாப் பக்கத்து அணைக்கட்டுதான். செய்தியில் அந்தப் பெயருக்கு அடுத்த வார்த்தை எப்போதும் 'வான்கதவு', அணை நிரம்பினால் தண்ணீரைத் திறந்துவிடும் கதவு.

அவன் போன கெனியன் நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கிறது. மணற்பாறையைத் திடீர் வெள்ளம் அறுத்து அறுத்து உண்டாக்கிய இடுக்கு. சில இடங்களில் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம். கலரில் பார்த்தால் மேல் சுவர் செம்மஞ்சள், அடிப்பக்கம் ஊதா. கலரை எடுத்ததும் இரண்டும் ஒரே சாம்பலாகிவிட்டன. அந்தப் படங்களில் செம்மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் நிறம்தான் வேறு, பிரகாசம் ஏறக்குறைய ஒன்றே. கறுப்பு வெள்ளையில் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கம்பியூட்டரில் செம்மஞ்சளின் பிரகாசத்தைக் கூட்டும் ஸ்லைடரை ஏற்றி, நீலத்தையும் ஊதாவையும் கொஞ்சம் இறக்கினேன். சுவரின் மடிப்பு ஒவ்வொன்றும் துணி மடிப்பு மாதிரிப் பிரிந்து வந்தது. ஆசைப்பட்டு இன்னும் இறக்கினால் நிழலில் புள்ளி புள்ளியாகக் கிளம்பும், அத்தோடு நிறுத்திவிட வேண்டும். (2014-இல் 65 இலட்சம் டொலருக்கு விற்றதாக அறிவிக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படமும் அதே இடத்தில் எடுத்ததுதான். வாங்கியவர் யார் என்று சொல்லவில்லை. எனக்கு அந்தக் கணக்கில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, அது வேறு கதை.)

நம் மலைகளில் அப்படி மணற்பாறை இல்லை. இங்கே இருப்பது கெட்டியான கருங்கல். ஆனாலும் ஓயாக்களில் பாறை நெருக்கிக்கொண்டு வரும் இடங்கள் உண்டு. அன்டலோப்பில் உச்சி வெயில் இடுக்குக்குள் கம்பி மாதிரி இறங்கும் நேரத்துக்குக் காத்திருப்பார்கள். இங்கே வெயில் அடித்தால் ஈரப்பாறை வெள்ளையாகப் பொரிந்துபோகும், நிழல் கரியாகிவிடும். நமக்கு வேண்டியது மூடிய வானம். மேகம் இறங்கி வெளிச்சம் மெத்தென்று பரவும்போது பாறையின் வரிகள் தெரியும், பாசி தனியாக நிற்கும், ஷட்டரை நாலைந்து விநாடி திறந்து வைத்தால் தண்ணீர் பாலாகும். அதாவது, நாம் ஆசைப்படும் வெளிச்சம் மழைக்கு முந்திய வெளிச்சம்.

1997 ஆகஸ்ட் 12 அன்று அன்டலோப் கெனியனின் கீழ்ப்பகுதியில் வெள்ளம் அடித்துக்கொண்டு போய் 11 பேர் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெரிதாக மழையே இல்லை. பெய்தது பல மைல் தள்ளி, மேற்பக்கத்தில். இப்போது வழிகாட்டி இல்லாமல் அங்கே யாரும் இறங்க முடியாது.

எனக்கு இங்கே ஓயாவில் நடந்தது ஒரு ஐப்பசி மாதம், பின்னேரம் இரண்டரை மணி இருக்கும். தலைக்கு மேல் தூறல்கூட இல்லை. கண் கெமராவுக்குள், காதில் தண்ணீர் இரைச்சல். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், இடுப்பில் கட்டிய படங்கோடு வரப்புக்கு ஓடி வந்து, "தம்பி, தண்ணி கலங்குது, மேல ஏறுங்க!" என்று கத்தினார். குனிந்து பார்த்தால், கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில். சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. கால் வைத்து வந்த கல்லைக் காணவில்லை. கெமராவைக் கழற்றிக்கொண்டு ஏறினேன், ட்ரைபொட்டை விட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது நான் நின்ற இடம் இடுப்பளவு தண்ணீர். வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும்.

அதற்குப் பிறகு தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லை அடையாளமாக வைக்காமல் கெமராவைத் திறப்பதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் இடையில் அதைப் பார்ப்பேன், நனைந்திருந்தால் கிளம்பிவிடுவேன். தனியாக இறங்குவதில்லை. ஒருவர் படமே எடுக்காமல் மேற்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அவர் காதில் இயர்போன் இருக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இடி மழை பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான், அதனால் பதினொரு மணிக்கே கரையேறிவிடுவது. மண்சரிவு எச்சரிக்கை வந்த நாளில் வீட்டில் பழைய படங்களை அடுக்கலாம்.

காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, கெனியன், லக்ஷபான, மேல் கொத்மலை, இவற்றுக்குக் கீழே உள்ள ஆறு என்றால் மழைக்காலத்தில் நான் போகவே மாட்டேன். அங்கே வான்கதவு திறந்தால் போதும், ஆறு ஏறிவிடும். சந்தேகமாக இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117-க்கு அடித்துக் கேளுங்கள். அதைவிட முதலில், பக்கத்து லயத்தில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், யாரிடமாவது கேளுங்கள். அந்த ஓயாவில் தினமும் துணி துவைப்பவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

மருமகனின் பிரிண்ட் நேற்று முடிந்தது. டிசம்பரில் வரும்போது என்னை ஓயாவுக்குக் கூட்டிப் போங்கள் என்கிறான். ஜனவரி தாண்டி வா, காலையில் போவோம் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே போனால் என் ட்ரைபொட்டையும் காட்டலாம். மூன்று வாரம் கழித்து தோட்டத்து டிவிஷன் பையன்கள் அதில் ஒரு காலைக் கண்டெடுத்தார்கள். இப்போது அது லயத்துக்குப் பின்னால், அந்த அக்கா வீட்டு போஞ்சிக் கொடியைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.