‘முதல் பார்வை’: யாருடைய பார்வை?

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் நான் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு நீளச் சுவர். போன வாரம் அதில் புதுச் சுவரொட்டி ஒன்று: சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரப்போகும் பாட்டு ஆல்பம். நடுவில் மாடனின் மீசை, ஓரத்தில் வில்லும் குடமும், கீழே கொட்டை எழுத்தில் ‘முதல் பார்வை’. சினிமாக்காரர்களோடு நிற்கும் என்று நினைத்திருந்த தொல்லை மாடன் வரைக்கும் வந்துவிட்டது.

மூலம், படம் வருமுன் விடும் முதல் சுவரொட்டிக்குச் சினிமாக்காரர்கள் சொல்லும் ‘ஃபர்ஸ்ட் லுக்’. ‘லுக்’ முதலில் பார்ப்பதைக் குறித்த சொல். பார்க்கப்படும் பொருளின் சாயலுக்கும் பிற்பாடு அதுவே பெயராயிற்று. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன. தமிழில் தனித்தனிக் குடித்தனம்: பார்ப்பது பார்வை, பார்க்கப்படுவது தோற்றம். மொழிபெயர்த்தவர் அகராதியில் முதல் வரியோடு எழுந்து போய்விட்டார்.

பார்வை எப்போதும் பார்ப்பவன் சொத்து. ஓரப்பார்வை, மேற்பார்வை, கண் பார்வை மங்கியது என்று எதை எடுத்தாலும் அப்படித்தான். ‘பார்வைக்கு லட்சணமாக இருக்கிறான்’ என்று சொல்வதில்லையா என்பார்கள். அங்கேயும் லட்சணம்தான் அவனுடையது, பார்வை நம்முடையது. பிறகு ‘முதல் பார்வை வெளியீடு’ என்றால் என்ன? என் பார்வையை இன்னொருவர் எப்படி வெளியிடுவார்? படம் வந்த அன்றே பத்திரிகையில் எழுதும் விமர்சனத்துக்கு ‘முதல் பார்வை’ என்று தலைப்பிடுகிறார்கள். அது சரி, பார்த்தவர் எழுதுகிறார். ஒரே பெயரில் சுவரொட்டியும் விமர்சனமும் உலவினால் வாசிப்பவன் எதை எதுவென்று எடுத்துக்கொள்வான்?

அந்த ஆல்பத்தைச் செய்த தம்பி தெரிந்தவர்தான். டவுனில் அச்சகத்து வாசலில் பிடித்துக்கொண்டு, ‘முதல் தோற்றம்’ என்று போட்டால் என்ன என்று கேட்டேன்.

“தோற்றம் என்று போட்டால் கீழே மறைவு எங்கே என்று தேடுவார்கள், அண்ணாச்சி” என்றார்.

சிரித்துவிட்டேன், அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு நம் ஊரில் ஓர் இலக்கணமே உண்டு: நடுவில் படம், இடப்பக்கம் ‘தோற்றம்’, வலப்பக்கம் ‘மறைவு’, அடியில் துயருறும் குடும்பத்தார். இருந்தாலும் நான் விடவில்லை. ‘சுவரொட்டி’ என்றால் கறிக்கடையில் ஆட்டு மண்ணீரல். சுவரொட்டி வேண்டும் என்று கேட்டவருக்குக் கடைக்காரர் யாரும் தாளைச் சுருட்டிக் கொடுத்ததில்லை. இடம் பார்த்துப் பொருள் கொள்ளத் தமிழனுக்குத் தெரியும்.

‘பார்வை’க்குப் பரிந்து பேச ஒரே ஒரு வழி உண்டு, அதை அவர்கள் யாரும் சொல்லவில்லை. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்னும் வேட்டுவரின் குடில் முற்றத்து விளாமரத்தில் ‘பார்வை’ கட்டியிருக்கும். காட்டு மானை இழுத்துப் பிடிக்கப் பழக்கி வைத்த மான் அது. அந்தப் பொருளில் எழுதினேன் என்று யாராவது வந்து சொன்னால் வாயை மூடிக்கொள்கிறேன். அந்தத் தாள்களில் பாதி அந்த வேலைதான் செய்கிறது.

‘ஆல்பம்’ என்ற சொல்லே ஆதியில் ரோமாபுரியில் அறிவிப்பு எழுதி வைத்த வெள்ளைப் பலகை. சுவரொட்டிக்குப் பெரியப்பா முறை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகள் பலவற்றைப் புத்தகம் போலக் கட்டி விற்றபோது அந்தக் கட்டுக்கு அந்தப் பெயர் வந்தது. அட்டை வெறும் பழுப்பு. அதற்குப் படம் போட்டு முகம் கொடுத்தவர், 1939இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ். 1948இல் நீள்நேர இசைத்தட்டு வந்தபோது அந்த முகம் பன்னிரண்டு அங்குலச் சதுரமாயிற்று.

கேசட்டில் அது உள்ளங்கைக்குள் சுருங்கியது. இங்கே வில்லுப்பாட்டுக் கேசட் வாங்கியவர்களுக்கு அந்த அட்டை நினைவிருக்கும்: மேலே தெய்வம், கீழே வட்டத்துக்குள் பாடகர். மடிப்பில் வரும் ஒல்லியான முதுகில்தான் பெயரைத் தெளிவாக அடிப்பார்கள். கடையில் அடுக்கியிருக்கும்போது அது மட்டும்தானே தெரியும்? எந்த எழுத்து எதற்கு என்று யோசித்துப் போட்ட காலம் அது. யாரும் அட்டையில் ‘அட்டை’ என்று அச்சடிக்கவில்லை. முகத்தின் நெற்றியில் ‘முகம்’ என்று எழுதி ஒட்டிக்கொள்வது இந்தக் காலத்து வழக்கம். உண்மையில் அந்த இடத்தில் எந்தச் சொல்லும் தேவையில்லை. செய்தியில் எழுதும்போது ‘முதல் தோற்றம்’, சுவரில் மாடனின் மீசையே போதும். இதையும் தம்பியிடம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

நேற்று அதே சுவரில் அடுத்தது ஒட்டியிருந்தார்கள். மைதாப் பசை இன்னும் காயவில்லை, ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது. மீசை போய் அரிவாள் வந்திருக்கிறது. கீழே: ‘இரண்டாம் பார்வை’.